பாய், பஸ் போர்டை நானே படித்தேன்

அன்புள்ள பாய்,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சரிதான், உங்கள் சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகிறது. எழுத்துகள் மழையில் நனைந்த கோழிக்குஞ்சுகள் போல ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கின்றன. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் பாய், எழுதுவது நானேதான்.

இன்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் வந்தது. போர்டில் முதலில் 'நா' தெரிந்தது. பிறகு மெதுவாக மற்றவை. நாகலூர்! வாய்விட்டே படித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன், "ஆமாங்க, அதான் எழுதியிருக்குங்க" என்றான். அவனுக்கு என்ன தெரியும்?

உங்கள் கடை அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது. குடையும் டார்ச் பேட்டரியும் பிஸ்கட்டும் விற்பீர்கள். சந்தை நாளில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து கடை ஓரம் நிற்பேன். எந்த பஸ் வந்தாலும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவீர்கள்: "தலைச்சோலை வந்துருச்சோய்! நாகலூர் வந்துருச்சோய்!" கண்டக்டர் கேலி செய்வார்: "ஏனுங்க பாய், எங்க வேலையும் நீங்களே பாத்துட்டா நாங்க ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?" நீங்கள், "போய்த் தூங்குப்பா, பஸ்ஸையும் நானே ஓட்டிக்கறேன்" என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகன் சொல்லித்தான் தெரிந்தது: நான் நிற்காத நாளில் நீங்கள் கத்தியதே இல்லையாம்.

அதே கடையில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் பார்த்தீர்கள். இன்று தெரிந்த எழுத்து மறுநாள் முன்பின் பார்க்காத ஆள் போல நிற்கும். "மண்டையில களிமண்ணுங்க பாய்" என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தடவ கேட்ட பாட்டு உனக்கு மறக்கறதில்ல. மலையில எந்தக் குறுக்கு வழியும் உனக்குத் தெரியும். களிமண்ணாம்! இது வேற ஏதோ சங்கதி மாப்ள. நமக்குப் பேர் தெரியல, அவ்ளோதான்."

பேர் தெரிந்துவிட்டது பாய். டிஸ்லெக்சியா.

நீங்கள் தொட்டிலில் பார்த்த என் பேத்தி தர்ஷினி இப்போது நான்காம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் வயிற்றுவலி வந்துவிடும். வகுப்பில் 'மக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில், இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். என் மகன், "நொம்பச் சோம்பேறித்தனம்டி உனக்கு" என்று கை ஓங்கினான். சின்ன வயதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்; அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயந்துதான், சேலத்தில் டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

டாக்டரம்மா முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொன்னார். பிறகு படம் காட்டி, கதை சொல்லி, வார்த்தைகளைச் சத்தம் சத்தமாகப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார். "புத்தி நல்லாவே இருக்குங்க. எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கறதுலதான் சிரமம். மாத்திரையெல்லாம் கிடையாதுங்க. வேற விதமாச் சொல்லித்தரணும், நேரம் கூடக் குடுக்கணும்." பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினேன். "எனக்குங்க."

"இருக்கலாமுங்க ஐயா. குடும்பத்துல வர்றதுதான்" என்று சிரித்தார். என் மகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அதன் பிறகு அவன் கை ஓங்கவில்லை.

வாரம் ஒரு நாள் ஏற்காட்டில் பயிற்சி. தர்ஷினி ஒரே பிடிவாதம்: "அப்பாரும் படிச்சாத்தான் நான் படிப்பேன்." அப்பாரு என்றால் நான்தான், வேறு வழி? மணல் தட்டில் விரலால் எழுத்தை இழுத்துக்கொண்டே அதன் சத்தத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் மணலுக்குப் பதிலாக, எஸ்டேட் களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையிலேயே இழுத்துப் பழகினோம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க பெருசு, இங்க காப்பி காயுதா, பள்ளிக்கூடம் நடக்குதா?" என்றார். "ரெண்டுந்தானுங்க" என்றேன். தர்ஷினி அவரிடமே என் எழுத்தைக் காட்டி, "சார், பாருங்க, இது 'க'வாம். நண்டு மாதிரி இருக்கு!" என்றாள். என்னைத் திருத்தித் திருத்தியே அவளுக்கு வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

நேற்று வகுப்பில் எழுந்து நின்று படித்தாளாம். நடுவில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். யாரோ சிரித்திருக்கிறார்கள். முன்பென்றால் உட்கார்ந்திருப்பாள். "கொஞ்சம் பொறுங்க மிஸ், வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் மேல் விரலால் இழுத்துப் பார்த்து, படித்து முடித்தாளாம். "எல்லாரும் எனக்காகக் காத்திருந்தாங்க அப்பாரு!" என்று ஓடிவந்து சொன்னாள்.

எனக்காக அப்படிக் காத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான் பாய். அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பொறுமையைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரம் அவள் முழுப் பாடத்தையும் படிக்க வேண்டுமாம். எத்தனை இடத்தில் நின்றாள், எப்படி மறுபடி கிளம்பினாள் என்பதை அன்றைக்கே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுவேன். டீயைக் குடித்துவிட்டு ஆரம்பிப்பேன்.