ஆறு பன்னிரண்டுக்கு அரை மணி முன்னால்

நவம்பர் 9, ஞாயிறு

எழுத்தறிவு வகுப்பு முடிந்து பத்து நாள். வாழைத்தார் மண்டியில் நாற்பது வருடம் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தவன் நான். எழுபது வயதில் பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது. அந்த வலியும் நன்றாகத்தான் இருக்கிறது.

மகள் பிருந்தா விமானம் ஓட்டப் படிக்கிறாள். லைசென்ஸ் வாங்க, ராத்திரியில் தனியாகப் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டுமாம். ஒன்பது முடிந்துவிட்டது. நான் வாசித்துப் பழகட்டும் என்று, ஒவ்வொரு தடவையும் இறங்கிய நேரத்தைத் தமிழில் எழுதி போனில் அனுப்புகிறாள்.

நவம்பர் 10

பிருந்தா ஒரு விஷயம் சொன்னாள். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதே பைலட்டுக்கு ராத்திரி முடிந்துவிடுமாம். அதற்குப் பிறகு இறங்கினால் பகல் கணக்கு.

சோதித்துப் பார்க்க விடியும் முன் மொட்டைமாடிக்குப் போனேன். சூரியன் வரவில்லை. ஆனால் திருப்பரங்குன்றம் மலை தெரிந்தது. பேப்பரில் பெரிய எழுத்தை விளக்கில்லாமல் வாசித்தேன். போன வருடம் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் முடியாத காரியம்.

நவம்பர் 12

“பத்தாவது. காலை 5.49. மழை மேகம், கும்மிருட்டு. முடிச்சாச்சுப்பா.”

நானே வாசித்தேன். என் மனைவி ஒச்சாயி கேசரி கிண்டினாள்.

நவம்பர் 13

நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தேன். சூரிய உதயம் 6.12 என்று போட்டிருக்கிறது. அரை மணி கழித்தால் 5.42. அவள் இறங்கியது 5.49.

அப்படியானால் அது பகல்தானே?

ஐந்து தடவை வாசித்தேன். நான்தான் தப்பாக வாசிக்கிறேனோ? ஒச்சாயியிடம் சொன்னேன்.

“எழுத்துக் கூட்டி முழுசா ஒரு மாசம் ஆகல, பைலட்டுக்குப் பாடம் எடுக்கப் போறீகளாக்கும்.”

திங்கட்கிழமை லைசென்ஸுக்கு மனு போகிறது. பொய்க் கணக்கு என்று யாராவது கண்டுபிடித்தால் பிள்ளையின் உழைப்பெல்லாம் என்ன ஆவது? சொன்னால் சிரிப்பாள். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா.

நவம்பர் 14

சொல்லிவிட்டேன். போனில் அவள் கணக்கு நோட்டைப் புரட்டும் சத்தம்.

“இருட்ட நம்பிட்டேன்ப்பா. வானம் கறுப்பா இருந்துச்சா, ராத்திரின்னு எழுதிட்டேன். யாரு உங்களுக்குச் சொன்னது?”

“காலண்டர்ல போட்டிருக்குத்தா.”

அவளே விமானம் கற்றுத்தரும் வாத்தியாரிடம் போய்த் தப்பைச் சொல்லிவிட்டாள். ஞாயிறு விடிவதற்கு முன் இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார். மழை பெய்தால் அடுத்த மாதம்தான்.

நவம்பர் 15

மழை. ஒச்சாயி பத்துத் தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். நான் பதினொரு தடவை.

நவம்பர் 16, ஞாயிறு

“காலை 5.08. வானம் சுத்தம்.”

மதியம் வீட்டுக்கு வந்தாள். கணக்கு நோட்டில் பழைய பத்தாவதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மனுவை என் முன்னால் வைத்தாள்.

“ஒரு தடவை பாத்துருங்கப்பா, அனுப்பிருவோம்.”

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் எழுந்து போகவில்லை.