வெயிலும் வேக்காடும்

2025 ஏப்ரல் 7

எட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. மானாவாரி விவசாயிகள் சங்கத்துப் பலகையில் தலைவர் வேணுகோபால் எழுதிப் போட்டிருக்கிறார்: 'வெப்பம் கூடுவது சூரியனின் செயல். மனிதன் காரணமல்ல.' தீப்பெட்டி ஆலை நடத்துகிறவருக்கு வானியலும் தெரியும் போல.

எட்டு வருடம் முன்பு சங்கக் கூட்டத்தில், "மனிதனால் வெயில் கூடுகிறது" என்று ஆரம்பித்தேன். "அப்படின்னா சூரியன் மேல கேஸ் போடுங்க அண்ணாச்சி" என்றார் வேணுகோபால். மண்டபமே சிரித்தது. அதோடு மைக்கைக் கொடுத்துவிட்டு வந்தவன்தான்.

ஏப்ரல் 8

கொல்லை வெப்பமானியின் இருபத்தொரு வருட அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். பகல் உச்சம் அரை டிகிரிகூட ஏறவில்லை. விடியற்காலைக் குறைந்த அளவு ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. சூரியன் காரணமென்றால் பகல்தானே முந்த வேண்டும்? மாட்டினார் தலைவர்.

ஏப்ரல் 9

பலகைக்குப் பதில் ஆறு பக்கம் எழுதியாயிற்று. அதில் நான்கு பக்கம் வேணுகோபால்.

ஏப்ரல் 10

மனைவி கற்பகத்துக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெயில் கூடுதுன்னு தலைப்பு. உள்ள, வெயில் இல்லாத நேரத்துக் கணக்கு. எவன் நம்புவான்?"

"வேற எப்படிச் சொல்ல?"

"பொழுது அடைஞ்ச பொறவும் அவியுதுல்லா, அது வெயிலா? வேக்காடு. அடுப்பை அணைச்சாலும் மூடி கிடந்தா உள்ள வேகும்லா. எம்புட்டுப் படிச்சியளோ."

நானே கேட்டுக் கட்டிக்கொண்ட மனைவி இவள்.

வெயில் என்று சொன்னால் ஊரில் எவனும் சூரியனைத்தானே பார்ப்பான்? அப்போ அந்தாளு கேட்டதுல என்ன தப்பு? எட்டு வருசம் — ஒரு கல்யாண வீட்ல அவர் பக்கத்து இலையில உக்காரலையே, சே. சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பாணி?" என்றாள்.

ஏப்ரல் 11

ஆறு பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக ஒரே பக்கம்:

'கூடுவது வெயில் அல்ல, வேக்காடு. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் ஏற்றிய கரியமில வாயு வானத்தில் மூடியாகக் கிடக்கிறது. வெயிலை உள்ளே விடுகிறது. மண் திருப்பி அனுப்பும் சூட்டை எளிதில் வெளியே விடுவதில்லை. அதனால் இரவு ஆறுவது குறைகிறது. ஒரு கொல்லையின் கணக்கு மட்டும் சாட்சியாகாது. உலகமெங்கும் அளந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்.'

கீழே என் அளவுகள். வேணுகோபால் ஓர் இடத்திலும் இல்லை. அவரை எடுத்ததும் எழுத்தில் எவ்வளவு இடம்!

ஏப்ரல் 12

அடியில் பெயரையும் பட்டத்தையும் பெரிதாக எழுதியிருந்தேன். கற்பகம் பார்த்தாள். "இதைப் போட்டா உங்க ரெண்டு பேரு சண்டையைத்தான் வாசிப்பாக."

நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டது அந்தப் பெயரை அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான். கத்தரிக்கோல் கேட்டேன். அடியில் ஒரு விரல் அகலம் வெட்டினால் போதுமாக இருந்தது. நாளைக் காலை சங்கம் திறக்குமுன் பலகையில் ஒட்டிவிட்டு, டீ குடிக்க வந்தவன் மாதிரி எதிர்க் கடையில் நிற்கப் போகிறேன்.