முதலில் ஒரு சுற்று

மார்ச் 4

என்ன நோட்டே, சௌக்கியமா? அலமாரிக்குள்ளே கிடந்து தூசி தின்றாயா? கோபித்துக்கொள்ளாதே. எனக்கு எழுத்து நிதானமாகத்தான் வரும். வண்டி ஓட்டிய கை, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போடுகிறது.

இன்றைக்கு சாருடைய மகள் வந்திருந்தாள். சார் என்றால் எங்கள் தீயணைப்பு நிலையத்தின் தலைவர். அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது, நானும்தான். ஆனாலும் எனக்கு அவர் சார், அவருக்கு நான் டிரைவர். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார்.

மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டாள். இந்த மாதக் கடைசியில் அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போகப் போகிறாளாம். சாயங்காலம் ஆனால் சார் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டையும் சுற்றி வருகிறாராம். கதவுகளைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாராம். நாய் வளர்க்கிற வீட்டுக்காரர் புகார் சொல்லியிருக்கிறார்.

"அப்பாவுக்கு ஞாபகம் கலங்குது மாமா" என்றாள்.

நான் சிரித்தேன். அது கலக்கமில்லை, தொழில் என்றேன். கதவுக்குப் பின்னால் தீ இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் கூடாது. அது வெந்துபோனால் அப்புறம் எதையும் பிடிக்க முடியாது. அதனால்தான் புறங்கை. சார் தன் கல்யாணத்தன்று அறைக் கதவையே அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார் என்று சொல்ல வாயெடுத்து, மகளிடம் சொல்கிற கதையா என்று விழுங்கிக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 5

தூக்கம் சரியில்லை. சார் இல்லாத ஊர் என்ன ஊர்?

மார்ச் 8

அந்தப் பெண்ணுக்குத் தன் அப்பாவைத் தெரியாதோ என்று படுகிறது. குறை சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் தூங்குவார், அவள் தூங்கும்போது அவர் எங்கேயோ புகைக்குள் நிற்பார். வாசலில் கிடந்த பூட்ஸைத்தான் அவள் அதிகம் பார்த்திருப்பாள்.

துணிக் கிடங்கு எரிந்த கதையைச் சொல்கிறேன், கேள். அன்றைக்கு நான் வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு சலூன். பாதி முகம் மழித்த ஆள் ஒருவர் சோப்பு நுரையோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். மீதி முகம் எப்போது மழித்தாரோ தெரியாது. அது இருக்கட்டும்.

முன்பக்கம் முழுக்க நெருப்பு. சார் ஆட்களிடம் ஹோஸை விரிக்கச் சொல்லிவிட்டு, "முதல்ல ஒரு சுத்து" என்று கிடங்கைச் சுற்றி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். எந்தத் தீயிலும் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் அவருக்கு 'ஊர்வலம்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கிடங்கு முதலாளி அவர் சட்டையைப் பிடித்து, "என் பொழப்பு எரியுது, நீ காத்து வாங்கப் போறியா?" என்று கத்தினார். சார் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு தகரக் கதவு. புறங்கையை வைத்தார். சூடில்லை. உள்ளே இருமல் சத்தம். தையல்காரப் பெண்கள் அங்கே அடைபட்டிருந்தது, முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சார் குரல் கொடுத்தார், கடப்பாரையோடு போனோம். அத்தனை பேரும் தங்கள் காலாலேயே நடந்து வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவள் கையில் பெரிய கத்தரிக்கோல். கொடும்மா என்றால் தரமாட்டேன் என்றாள். அவள் சொந்தக் கத்தரியாம்.

முதலாளி அப்புறம் வந்து கைகட்டி நின்றார். சார் நன்றி எதையும் காதில் வாங்கவில்லை. "அந்தக் கதவுக்கு வெளியில பூட்டுப் போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

மார்ச் 11

இன்னொரு கதை. வெளியே சொன்னால் எங்கள் மானம் போகும், உன்னிடம் சொல்லலாம்.

நிலையத்து அடுப்பில் மதியச் சமையல் கொதிக்கிறது, மணி அடித்தது. எல்லாரும் பாய்ந்து ஏறிப் போய்விட்டோம். போன இடத்தில் எரிந்தது ஒரு குப்பைத்தொட்டி. திரும்பி வந்தால் எங்கள் நிலையத்து ஜன்னலில் புகை! எதிர்க்கடைக்காரர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் போன் பண்ணலாமான்னு யோசிச்சோம்" என்றார்கள்.

விசாரிக்க மேலதிகாரி வந்தார். கடைசியாகக் கிளம்பியது யார் என்று கேட்டார். அன்றைக்குச் சமையல் முறை, குட்டையன் என்று நாங்கள் கூப்பிடுகிற பையனுடையது. வேலைக்கு வந்த புதிது, வேலையே போயிருக்கும். சார் முன்னால் வந்து, "கடைசியா கிளம்பினது நான்தான்" என்றார். மணி அடித்தால் முதல் ஆளாக என் பக்கத்து இருக்கையில் ஏறுகிறவர் அவர். அது மேலதிகாரிக்கும் தெரியும். இருந்தும் சாருடைய பதவி உயர்வு தள்ளிப் போனது. அன்றிலிருந்து வண்டி கிளம்பும்போது "அடுப்பு?" என்பார். "அணைச்சாச்சு சார்" என்று மொத்த வண்டியும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய் இதைப் பேசினேன். விழுந்து விழுந்து சிரித்தார். வாளி தூக்கிய கடைக்காரர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடச் சொன்னார். உடனே மகளுக்குப் போன் போட்டு, பார் அம்மா, ஞாபகம் எப்படி இருக்கிறது என்றேன். என் வீட்டுக்காரி, "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றாள்.

மார்ச் 16

இன்னைக்கு பிரேக் போட்டு எழுத வரல. ஆனா எழுதணும்.

காலையில சார் வீட்டுக்குப் போனேன். தெருவுலயே தீய்ஞ்ச வாடை. கதவுல புறங்கைய வெச்சேன், என்னையறியாம. சூடில்ல. உள்ள சமையலறை பூராவும் புகை. பால் பாத்திரம் கரிக்கட்டையா கிடக்கு. பக்கத்துல தொங்கின துணி ஓரமா பத்திக்கிட்டிருக்கு. அணைச்சேன். சார் கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். புகை அவர் தலைக்கு மேல போகுது — எரியிறது ரப்பரா துணியான்னு தெருமுனையிலயே மோந்து சொன்ன மனுஷன்.

எழுந்து வந்தார். பாத்திரத்தப் பார்த்தார். முகம் மாறிடுச்சு.

"கடைசியா கிளம்பினது யாரு?"ன்னார். அன்னைக்கு மேலதிகாரி கேட்ட கேள்வி, சாரோட நிலையத்துக் குரல்ல.

"நான்தான் சார்."

"பார்த்து இருக்கணும் டிரைவர்"னு தோளைத் தட்டிட்டு, திரும்பப் பேப்பர்கிட்ட போயிட்டார்.

மார்ச் 17

மகள் சொன்னதுதான் சரி. இத்தனை நாளும் நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மார்ச் 20

மறைத்திருக்கலாம். மறைத்தால் சார் இங்கேயே இருப்பார், எதுவரைக்கும்? மகளுக்குப் போன் செய்து பாத்திரம், துணி, புகை எல்லாவற்றையும் சொன்னேன். இன்று நேரிலேயே வந்துவிட்டாள்.

கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கரிந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "எங்க வீடு மாடியில இருக்கு மாமா. வாசல் ஒண்ணுதான். அங்க சுத்தி வர எடமே இல்ல. அப்பா என்ன பண்ணுவார்?" என்றாள். அவள் அப்பாவை அவளுக்குத் தெரியாது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

நான் வந்து சார் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அடுப்பைக் கழற்றிவிட வேண்டும், தினமும் போன் செய்ய வேண்டும், நிலைமை மோசமானால் கதை சொல்லக் கூடாது என்றாள். சம்மதித்தேன்.

வீட்டுக்காரி என் போர்வையை மடித்துக் கொடுத்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க அவரோடதான் குடித்தனம். இப்ப தலகாணியும் போகுது, அவ்வளவுதான்." இனி மூன்று வேளைச் சாப்பாடும் அவள்தான் அனுப்புவாளாம்.

ஏப்ரல் 6

புது வீடு பிடித்திருக்கிறதா, நோட்டே?

சாருக்கு என் பெயர் மறந்துவிட்டது. டிரைவர் மட்டும் நினைவிருக்கிறது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அதனால் எனக்கு நஷ்டமில்லை. சாயங்காலம் இருவரும் சுற்றக் கிளம்புகிறோம். நாய் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லி வைத்தேன். இப்போது அவரே நாயைக் கட்டிவிட்டு கேட்டைத் திறந்து வைக்கிறார்.

நேற்று மகளும் வந்து எங்கள் பின்னாலேயே நடந்தாள். கடைசி வீட்டுக் கதவை அவளே புறங்கையால் தொட்டு, "சூடில்லப்பா" என்றாள். சார் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நீ பார்த்திருக்க வேண்டும். பெரிய தீ அணைந்த பிறகு, ஆட்கள் எல்லாம் கரிமுகத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். தலையை ஆட்டிவிட்டு நகர்வார். அந்த ஒரு தலையாட்டலுக்காக நாங்கள் அடுத்த தீக்குள்ளும் போவோம், ஏனென்றால் அதில்

இரு, கூப்பிடுகிறார். "டிரைவர், கிளம்பலாமா? அடுப்பு?" என்கிறார்.

அணைச்சாச்சு சார். இதோ வந்து