கோழி அடைகாத்த பிக்கப்

செம்மநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக் கண்ணு தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. சேர்வராயன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம், உங்கப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் எங்கே போனதென்று தெரியவில்லை, நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தாலே உங்கப்பா போனைப் பிடுங்கி மிச்சத்தை அவரே சொல்லிவிடுகிறார், இது நான் சொல்ல வேண்டிய சமாச்சாரம். பிக்கப் வாங்கிவிட்டோம் கண்ணு. வாசலில் நிற்கிறது. அடுப்பில் வேலையிருக்கும்போதே காரணமில்லாமல் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், உங்கப்பா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் நம் பட்டர் ஃப்ரூட்டை மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்துவிட்டு, வாடகை வண்டிக்காரர் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்ததில் அத்தனையும் சாக்குக்குள்ளேயே குழைந்து குழியில் கொட்டினோமே, நான் உன்னிடம் அழுதேனே, அதே மாதிரி இந்த வருஷமும் ஆனால் மரங்களை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நட்டுவிடுவதென்று உங்கப்பா முடிவே செய்திருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் கையால் வைத்த மரங்கள் அவை. காய் முற்றிக்கொண்டே வந்தது, சொந்த வண்டி வந்தால்தான் மரம் தப்பும். வண்டிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நீ, அதனால் நீ சொன்னதை உங்கப்பா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். புது மாதிரி இன்ஜின் வந்த முதல் வருஷத்து வண்டியில் இருக்கிற குறையெல்லாம் வாங்கினவர் தலையில்தான் விடியும், இரண்டாயிரத்து இருபதாம் வருஷத்து வண்டி வேண்டாம், பத்தொன்பது கிடைத்தால் பாருங்கள் என்றாயா, அவ்வளவுதான், மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் கேட்கிற மாதிரி வண்டியைப் பார்க்கும் முன்பே வருஷம் கேட்க ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் வாந்தியும் தானுமாகச் சேலம் போய்ச் சேர்ந்தேன், அங்கே ஒரு வண்டி காட்டினார்கள், புதுப் பெயின்ட், பாட்டுப் பெட்டி, உங்கப்பா உருகிப்போய் அன்றைக்கு மட்டும் வருஷம் கேட்க மறந்துவிட்டார், நான் கேட்டால் சரியாக நீ வேண்டாமென்ற வருஷம், ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் கோளாறு காட்டுகிற மஞ்சள் விளக்கு வேறு அணையாமல் எரிகிறது. அது சும்மா எரியுமுங்க என்றார் விற்கிறவர். சும்மா எரியற வெளக்கு கோயிலுக்குப் போதுமுங்க, வண்டிக்கு வேண்டாமுங்க என்று சொல்லி உங்கப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் நாகலூர் பொன்னுவேல் அண்ணன் வண்டி. நம் மலையில் மிளகு விலை ஏறின வருஷம் வாங்கின வண்டியெல்லாம் மூட்டை சுமந்தே இடுப்பொடிந்து கிடக்கும், இவர் வண்டியோ காட்டேஜ்களுக்குக் காய்கறி ஏற்ற வாங்கின மாதமே ஊரடங்கு வந்து ஷெட்டில் தூங்கினது, பிறகும் வாரத்துக்கு ஒரு சந்தைதான், இப்போது அண்ணனுக்கு இடுப்பு வலி வந்து அதுவும் இல்லை. உங்கப்பா ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பார்த்தார், இருபது, மார்ச். எம் புள்ள வேண்டாமுன்னுட்டாளுங்க என்று கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சீட் பெல்ட்டின் அடியில் ஒரு சீட்டு தைத்திருக்கும், அதில் செய்த மாதம் இருக்கும் என்று எப்போதோ சொன்னாயே, அதைப் பார்க்கலாமென்று தலையை உள்ளே விட்டேன், கையில் நறுக்கென்று ஒரு கொத்து. ஏனுங்கம்மிணி, கோழி அட காக்குதுங்க, நொம்பக் கோவக்காரிங்க என்று அண்ணன் அப்போதுதான் சொல்கிறார். விடுவேனா, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பெல்ட்டைப் புரட்டினேன். பத்தொன்பது, பத்தாம் மாதம். பெல்ட் பழசாக இருந்து வண்டி புதுசாக இருந்தால் என்ன செய்வதென்று ஆர்.சி.யை மறுபடி வாங்கிப் பார்த்தால், வண்டி தயாரித்த மாதம் தனி வரியிலேயே இருக்கிறது, பத்தொன்பது நவம்பர், உங்கப்பா மேல் வரியோடு நிறுத்திவிட்டார். ஓடிப்போய் பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினேன். கண்டக்டர் என்னவோ குடும்பச் சண்டை என்று நினைத்து எனக்குப் புத்தி சொன்னார்.

நெடுநாள் நின்ற வண்டிக்கு நீ சொன்னபடி மெக்கானிக் ஆஷ்லின் டயர், பேட்டரி, ரப்பர் குழாய் எல்லாம் மாற்றிக்கொடுத்தார். முட்டையும் கோழியுமாகக் கூடையில் வைத்து அண்ணன் நமக்கே தந்துவிட்டார், ஐந்து குஞ்சு பொரித்திருக்கிறது. சேர்வராயன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு வைத்தது போக மிஞ்சின ஒரு எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முதல் லோடு ஏற்றி இறங்கினோம். ஓட்டினது யார் தெரியுமா, நான்தான். நீ பிடுங்கிப் பிடுங்கி எடுக்கவைத்த லைசென்ஸ் சும்மா போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது வளைவுக்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும், அதனாலேயே நீ பட்டம் வாங்கினதைப் பார்க்க அத்தனை தூரம் வரவில்லை, அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். இப்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கினேன் சாமி, வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங் நம் கையில் இருந்தால் குமட்டாதாமே, இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கப்பாதான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்து, அடிவாரத்தில் நிறுத்து நிறுத்து என்று இறங்கிப் புளியமரத்துப் பின்னால் ஓடினார். என் எலுமிச்சம்பழத்தை அவருக்குத்தான் நறுக்கிக் கொடுத்தேன். மண்டியில் ஒரு காய்கூட நசுங்கவில்லை. திரும்பி வந்ததும் உங்கப்பா தோட்டத்துக்குப் போய், வெட்டுவதற்கு மரத்தில் பூசின சுண்ணாம்புக் குறியைத் தேய்த்து அழித்துவிட்டு வந்தார், நான் சொல்லவேயில்லை, அவராகவேதான்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி தயிர் வேண்டாம், கூடவே அனுப்பியிருக்கிற மிளகைத் தோழிகளுக்கும் கொடு. சேர்வராயன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். தீபாவளிக்கு ரயில் எந்த நேரத்துக்கு வந்தாலும் ஆட்டோ, பஸ் எதுவும் பார்க்காதே, சேலம் ஜங்ஷன் வாசலில் நான் வண்டியோடு நிற்பேன். என் பக்கத்து சீட் உனக்குத்தான், எலுமிச்சம்பழமும் தயாராக வைத்திருப்பேன்.

உன் முன்னேற்றத்தையே நினைத்திருக்கும்
அம்மா, டிரைவர் மல்லிகா