மீன் படம் போட்ட டீசேர்ட்

சேர்,

உங்கள் நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி, உங்கள் வீட்டம்மா நேற்று உங்களுடைய டீசேர்ட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். செடிகளுக்கு நடுவே ஒரு மீன். கீழே, ‘மருந்தில்லாத நீர், உயிருள்ள தொட்டி’. ஹட்டன் கடையொன்றில் நீங்களே சொல்லி அச்சடித்தது. எத்தனை தரம் துவைத்தும் பீலிக் குழாயின் துருக்கறை அதில் வட்டமாக நிற்கிறது.

உங்கள் மீன்தொட்டியில் மோட்டாரும் இல்லை, மருந்தும் இல்லை. அடியில் மண், அதில் செடி, கொஞ்சம் நத்தைகள், மீன்கள். சனிக்கிழமைதோறும் ஒரு வாளி பீலித் தண்ணீர் மாற்றுவீர்கள். மலை ஊற்றிலிருந்து குழாய்வழி வரும் அதே தண்ணீரைத்தான் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் குடித்தோம்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் நத்தைகளெல்லாம் கண்ணாடியில் ஏறி நீருக்கு வெளியே ஒட்டிக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரைச்சல் போடும் வகுப்பு திடீரென அடங்கினால் ஆசிரியருக்குத் திக்கென்று இருக்குமே, அப்படி இருந்தது உங்கள் முகம்.

"தொட்டியில நான் எதுவும் போடல சேர். புதுசா போனது தண்ணி மட்டுந்தான்," என்றீர்கள், கூடப் படிப்பிக்கும் என்னிடம்.

மேல்மலையில் புல்லுக்கு மருந்தடிப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

பீலியடிக்கு ஓடினோம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் செல்வி, இடுப்பில் கைக்குழந்தையோடு. அவள் குடம் பாதி நிரம்பியிருந்தது.

"தண்ணி பிடிக்காதீங்க. மீனெல்லாம் தவிக்குது," என்றீர்கள்.

"சட்டையில இருக்க மீனு நல்லாத்தானே இருக்கு சேர்?" யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது.

"புள்ளைக்குப் பால்மா கரைக்கணும். தள்ளுங்க சேர்," என்றாள் செல்வி.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அங்கே வந்துவிட்டார். "ஒங்க மீனு செத்தா தோட்டத்துத் தண்ணி குத்தமா? நிச்சயமா தெரியுமா ஒங்களுக்கு?"

நீங்கள் டீசேர்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் குழாய்வாயில் திணித்தீர்கள். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றீர்கள். அந்தக் குளிரில், நம் மாணவர்களின் தாய்மார் முன்னால், வெறும் மேலோடு. சிரிப்பு நின்றுவிட்டது.

"நிச்சயமா தெரியாது," என்றீர்கள். "தெரிஞ்சுக்கிற வரைக்கும் நிக்கிறேன்."

கண்டாக்கு முணுமுணுத்தபடி இருவரை மேலே அனுப்பினார். குழந்தை பசியில் கத்தியது. செல்வி உங்களை முறைத்தபடியே இருந்தாள். இடுக்குவழி பீய்ச்சிய தண்ணீரில் உங்கள் உடம்பு நடுங்கியது. நம் சந்தேகம் பிழையாகிவிட்டால் இந்தப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போனவர்கள் ஓடிவந்தார்கள். மருந்தடிக்கும் டாங்கியை ஊற்று வாய்க்காலிலேயே கழுவியிருக்கிறார்கள்.

செல்வி குடத்தைக் கவிழ்த்தாள்.

தொட்டியில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி நீங்கள் யாரிடமும் குறைப்பட்டதில்லை.

இதைப் பாடசாலையிலிருந்து எழுதுகிறேன், சேர். விடாத மழை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, நிச்சயமாகத் தெரியாமலேயே எல்லாரையும் இங்கே கூட்டிவந்துவிட்டேன். மண் இதுவரை சரியவில்லை. அடுப்பும் பாயுமில்லாமல் இருக்க வைத்துவிட்டேன் என்று திட்டுகிறார்கள். திரும்பிப் போகலாம் என்று சிலர் மூட்டையைத் தூக்குகிறார்கள்.

நான் கதவை மறித்து நிற்கிறேன்.