மேற்கு எந்தப் பக்கம்

2 மார்ச் 1934, வெள்ளி. டர்பன்

கப்பலை விட்டு இறங்கிப் பத்து நாள். இங்கே உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. ஆம்பூரில் நாற்பத்தேழு வருடம் நான் பார்த்த வெயில் இல்லை இது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாயை வழக்கம்போல் மேற்கே பார்த்து விரித்தேன். தம்பி மகள் சைரா வந்து பாயின் முனையைப் பிடித்து வடக்கே திருப்பினாள். "பெரியப்பா, இங்கேர்ந்து மக்கா வடக்கால இருக்குது." பதினோரு வயது. அவள் சொன்னது சரிதான். பூகோளப் படம் நான் பார்க்காததா? கதவோரம் நின்ற தம்பி இஷ்தியாக் சிரித்தான். "பி.ஏ. படிச்ச ஆளுக்கே கிப்லா காட்டிட்டா பாரு."

அவன் மனைவி அஃப்ஸர் ஜஹானும் உள்ளிருந்து சிரித்தது கேட்டது.

9 மார்ச்

நான்காம் பாரம் தேறாத தம்பிக்கு நாலு வருடமாக இங்கே பட்டை வாங்கி அனுப்பும் முழுப் பொறுப்பு. நான் அவனுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன். எல்லாம் டேனரி முதலாளி மக்பூல் மாமாவின் ஏற்பாடு. தம்பியை அனுப்பிய அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பட்டையைக் கடிச்சே அவன் தரம் சொல்லிடுவான்டா. உனக்கு அது வராது, முனீர்."

தோல் பதனிட நம் டேனரிகளில் ஆவாரம்பட்டை போய் இந்த ஊர் வாட்டில் பட்டை வந்ததிலிருந்து இஷ்தியாக்கின் நாக்குக்குத்தான் மரியாதை. இன்று கிடங்கில் ஒரு துண்டைக் கடித்துத் துப்பினான், வண்டியோடு திருப்பி அனுப்பினான். விற்க வந்த வெள்ளைக்காரன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

17 மார்ச்

என் கடிதத்தில் இரண்டு வரியை அடித்துவிட்டுப் பிழையோடு தன் வரியை எழுதினான். அப்படியே டைப் அடித்தேன்.

29 மார்ச்

ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குப் போகிறோமாம். சர்க்கார் காவலில் வைத்திருக்கும் பெரிய காடு, மலைச்சாரல். அங்குள்ள விடுதியில் நம்மவர்களுக்கு இடம் கிடையாது, காரை வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம். லேடிஸ்மித்தில் ஒரு குஜராத்திக் கடைக்காரர் வீட்டில் சனிக்கிழமை தங்குவது. நான் வரவில்லை என்றேன். "நீ வரலன்னா பேஜாரா பூடும்ணே, காவக்காரன் இங்கிலீஷ் எனக்கு வெளங்காது" என்றான்.

அழைப்பதும் வேலைக்காகத்தான்.

3 ஏப்ரல், செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிறு காலை வெயில் முகத்தில் அடிக்கக் கிழக்கே ஏறினோம். கார் மேற்கே, அடிவாரத்தில். சுற்றிலும் கரும்பாறைச் சுவர், ஆள் அரவம் இல்லை, ஒரு பறவைகூடக் கத்தவில்லை. காவல்காரன் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: மேகம் இறங்கினால் இருந்த இடத்தில் இருங்கள். அதை நான் மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னேன்.

பகல் ஒரு மணிக்கு ஒரு புல்வெளி. அருவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இஷ்தியாக் தனியே மேலே போனான். சைரா தன் சின்ன திசைமானியை வைத்துப் பார்த்து, கிப்லாவுக்கு, மக்கா இருக்கும் பக்கத்துக்கு, நேராகக் கற்களை வரிசை வைத்தாள். நாங்கள் மூவரும் தொழுதோம். கற்களுக்கு எதிரே புல்தரை சரிந்து இறங்கியது. அதற்கப்பால் என்ன என்று நான் பார்க்கவில்லை.

சாப்பிட எடுத்து வைக்கும்போது மேகம் இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. சைரா புல்லில் வைத்த திசைமானியும் தேடிக் கிடைக்கவில்லை. இஷ்தியாக் எங்கள் குரலைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தான். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். அஃப்ஸர் ஜஹானுக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

"குளிரு ஜாஸ்தி ஆவுதுண்ணே, இவ தாங்க மாட்டா. அருவியாண்ட சுத்தினதுல எனக்குத் திசையே தெரியல. மேற்கு எந்தப் பக்கம்?"

கால் கற்களில் பட்டது. நாங்கள் தொழுத பக்கம். கையை நீட்டினேன். "இதோ, இப்படி."

"பெரியப்பா, அது—"

"பெரியவங்க பேசறப்போ வாயைத் தெறக்காதே."

"நீ சொன்னா சரிண்ணே. வழியப் பாத்துட்டு கூப்புடறேன், இங்கியே இருங்க."

பன்னிரண்டு, பதின்மூன்று அடி நடந்த சத்தம் கேட்டது. பிறகு சரளை உருளும் சத்தம். அவன் கூப்பிடவேயில்லை.

மேகம் விலகியதும் இறங்கிப்போய்ச் சொன்னோம்; மறுநாள் காலை காவல்காரர்கள் அவனைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். மாலை லேடிஸ்மித்தில் அடக்கம். குழிக்குள் அவன் முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பினார்கள். வடக்கே.

6 ஏப்ரல்

மாஜிஸ்திரேட்டுக்கு வாக்குமூலம். நானே எழுதினேன், நல்ல இங்கிலீஷ். இறந்தவர் எச்சரிக்கையை மீறிப் பனியில் தாமே நடந்து வழிதவறினார். அஃப்ஸர் ஜஹான் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தாள். சைரா என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரி வரை படித்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

19 ஏப்ரல்

நாற்பத்தேழு வருடம் மேற்கே பார்த்துத் தொழுதவனுக்குக் கிப்லா என்றால் மேற்கு. உடம்பில் ஊறினது. பனியில் யாருக்கும் வரும் தடுமாற்றம். அல்லா அறிவான்.

அப்படியானால் அவளை ஏன் அடக்கினேன்? வாய் திறந்தவுடனே எனக்கு... இல்லை. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

14 மே

மாமாவின் கடிதம். டர்பன் பொறுப்பு இனி என்னுடையது. நாலு வருடமாகக் காத்திருந்த வரி.

கிடங்கில் ஒரு பட்டையைக் கடித்துப் பார்த்தேன். துவர்த்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல சரக்கு" என்றேன்.

2 ஜூலை

அனுப்பிய பட்டையில் பாதி சத்தில்லாதது என்று ஆம்பூரிலிருந்து தந்தி.

11 ஆகஸ்ட்

அஃப்ஸர் ஜஹானுக்கு இத்தா முடிந்தது. கணவன் போன பெண் அறைக்குள் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள். இருவரையும் ஆம்பூரில் விட்டுவிட்டு வரச்சொல்கிறார் மாமா. சைரா இந்த நாட்களில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். குழந்தைதானே, மறந்துவிடும்.

16 செப்டம்பர், ஞாயிறு. ஆம்பூர்

வந்து நான்கு நாள். கப்பலிலேயே பிடித்த காய்ச்சல், மசூதிக்குப் போக முடியவில்லை. அஸருக்குப் பாயைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். நான் பிறந்த அறை. ஜன்னலில் மேற்கு வெயில். ஆனாலும் எந்தப் பக்கம் விரிப்பது என்று கை நின்றுவிட்டது.

சைரா வந்து பாயை வாங்கி விரித்தாள்.

"இங்க மேற்குதான், பெரியப்பா."

ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் தொழ நின்றேன். அவள் வெளியே போகும் சத்தமும், கொஞ்சம் கழித்து இரண்டு பேர் வரும் சத்தமும் கேட்டன.

தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்க முதலில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். கதவருகே மக்பூல் மாமா. சைரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொழந்த இன்னாமோ சொல்லுதே, முனீர்" என்றார்.

இடப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேனா என்பது நினைவில் இல்லை.