பதிமூன்று மாதம் கணக்கில் வருமா?

6 பிப்ரவரி 2004, வெள்ளி
மக்களவையைக் கலைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் டில்லியிலிருந்து போன் செய்தார். "என் மசோதாவும் போச்சு, ஸ்வர்ணா" என்றார். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் எம்.பி.யாக இருக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அறிமுகம் ஆனதோடு சரி, விவாதத்துக்கு வரவேயில்லை. தங்களை வீட்டுக்கு அனுப்பும் சட்டத்துக்குத் தாங்களே கை தூக்குவார்களா என்ன?

மசோதா போனால் போகட்டும். இவர் கொடுத்த வாக்கு இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் முதல்முறை நின்றபோதே எங்கள் தொகுதியில் ஸ்ரீராம்புரம் கூட்டத்தில் தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார்: "ரெண்டே தடவை. அப்புறம் புது ஆள்." அந்த வருஷம் ஜெயித்தார், தொண்ணூற்றொன்பதிலும் ஜெயித்தார். முடிந்தது. இனி காலையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

15 பிப்ரவரி
காபி குடிக்க வெங்கடகிருஷ்ணன்தான் வந்தார், கட்சியின் மாவட்டச் செயலாளர். "சார், தொண்ணூத்தெட்டுல வந்த சபை பதிமூணு மாசத்துல கவுந்துடுச்சு. அதெல்லாம் ஒரு டெர்மா? உங்களுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

இவர் சிரித்து மறுப்பார் என்று பார்த்தேன். "லாஜிக் இருக்கு" என்றார்!

16 பிப்ரவரி
அவர் காபியைத் தனியாகக் குடித்தார். நானும்தான்.

22 பிப்ரவரி, ஞாயிறு
உஷா வந்தாள். ஸ்ரீராம்புரத்துப் பெண், இப்போது மாநகராட்சியில் கார்ப்பரேட்டர். அவளுடைய அம்மா அதே மாநகராட்சியில் தெரு பெருக்கியவர். இவர் நிற்காவிட்டால் சீட்டு அவளுக்குத்தான் என்று கட்சி முழுக்கத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கடை அடைப்பு பற்றியே பேசிவிட்டு, செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னாள்: "சார் நின்னாருன்னா மொதல்ல கொடி புடிக்கிறது நான்தான் மேடம்."

கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

3 மார்ச்
இன்று வெடித்துவிட்டது.

ரயில்வே கீழ்ப்பாலம் பாதியில் நிற்கிறதாம். "புதுசா வரவாளுக்கு டில்லில யாரைத் தெரியும்?" என்றார்.

"உங்களுக்கு மட்டும் பொறக்கறச்சேயே தெரியுமா?" என்றேன்.

"பதிமூணு மாசத்துல ஒரு மனுஷன் என்னடி பண்ண முடியும்? அது கணக்குலயே வராது."

விட்டேனா! "ஏன்னா, தொண்ணூத்தொம்பதுல டில்லில வீடு கொடுக்கறச்சே என்ன சொன்னேள்? 'நான் செகண்ட் டெர்ம், எனக்குப் பெரிய ஃப்ளாட்தான் வேணும்'னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கலையா? ஃப்ளாட் வாங்கறச்சே அது முழு டெர்ம். சீட்டை விட்டு எழுந்து வரணும்னா மட்டும் கணக்குல வராதா?"

"பால்கனியோட ஃப்ளாட் வேணும்னு கேட்டது நீதானே" என்றார்.

வாஸ்தவம். வடாம் காயப்போட அருமையான பால்கனி.

4 மார்ச்
கோபம் தணிந்ததும் பயம் வருகிறது. வாசல் மணி அடிக்காத வீட்டில் இந்த மனிதர் என்ன செய்வார்? பேப்பரை நாலு தடவை படிப்பார். பிறகு என் சமையலில் மூக்கை நுழைப்பார்.

இருந்தாலும், சொன்ன சொல்லை விழுங்கிய ஆளோடு காலம் தள்ள என்னால் முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

8 மார்ச், திங்கள்
கட்சிக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாராம்: "பதிமூணு மாசமும் ஒரு தடவைதான். சம்பளம் வாங்கினேன், அதைக் காட்டி வீடும் வாங்கினேன். உஷா நிக்கட்டும்."

வெங்கடகிருஷ்ணன் எனக்குப் போன் செய்தார். "மேடம், இது உங்க வேலைதானே?"

"இல்லை, பால்கனியோட வேலை" என்றேன். மனிதருக்குப் புரியவில்லை. எனக்கோ அழுகையும் சிரிப்புமாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவரைப் பெருமையோடு பார்த்தேன்.

11 ஏப்ரல்
பிரசாரத்தில் அவரே ஜீப்பில் நின்று கத்துகிறார். தொண்டை போய்விட்டது. "நானும் ரெண்டே தடவைதான்னு நீயும் சொல்லும்மா" என்று உஷாவை நச்சரித்திருக்கிறார். அவள், "மொதல்ல ஒரு தடவை ஜெயிச்சுக்கறேன் சார், அப்புறம் பேசலாம்" என்றாளாம்.

என்னிடம் வந்து முறையிட்டார். கெட்டிக்காரப் பெண் என்றேன்.

13 மே
உஷா ஜெயித்தாள்! இவர் ஜெயித்ததைவிட ஓட்டு வித்தியாசம் குறைவுதான். கையில் கொடுத்த லட்டை முதலில் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். பிறகு ஒன்றுக்கு இரண்டாகத் தின்றார்.

27 ஜூன், ஞாயிறு
எங்கள் தெருவில் ஒரு வாரமாகக் குழாயில் காவேரித் தண்ணீர் வரவில்லை. யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. "வா, எம்.பி.யைப் பார்த்துட்டு வரலாம்" என்று சட்டையை மாட்டினார். நடந்தே போனோம்.

உஷா வீட்டு வாசல் பெஞ்சில் நாலு பேர். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ சார், நீங்க ஏன் வெளிய? உள்ள வாங்க."

"எனக்கு முன்னாடி நாலு பேர் இருக்காம்மா. அவாளைப் பாரு" என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே விடு என்று நான் தலையாட்டினேன்.

பக்கத்தில் இருந்த பெண் ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. அவரிடம் கேட்டாள்: "ஏங்க, எம்.பி.கிட்ட சொன்னா வேலை நடக்குமா?"

"தெரியலம்மா" என்றார். "நானும் இப்பதான் மொத தடவையா வந்து பாக்கறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள்.